பால் தேத்தண்ணிக்குள்ள ஒரு 1977

நான் பாலைக் குறைத்து ரெண்டு வருசமாகுது. முழுசா விடல்ல, குறைச்சன். ஒரு நாளைக்கு மூணு பால் தேத்தண்ணி, ராவைக்கு ஒரு கிளாஸ் பால் என்று இருந்தது, இப்ப கிழமைக்கு ரெண்டு பால் தேத்தண்ணி, எப்பவாவது ஒரு சட்டித் தயிர் என்று வந்து நிற்கிறது. சின்ன விசயம்தான். ஆனா இதை மருதமுனையில் செய்து பாருங்க, அப்பத்தான் விளங்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் "பால் போடாமத் தாங்க மாமி" என்று சொன்ன உடனே மாமியின் முகம் மாறிவிடும். "ஏன் மகன், எங்கட ஊட்டுல மா இல்லண்டா நினைச்ச?" என்று கேட்பார். சீனி வருத்தமா, கொலஸ்ட்ரோலா என்று அடுத்த விசாரணை. வெறுந் தேத்தண்ணி கேட்கிறவன் ஒன்றில் நோயாளி, இல்லாட்டி வீட்டுக்காரரைக் குறைவாக நினைக்கிறவன்.

எனக்கு மூணு காரணம் இருக்கு: காசு, வயிறு, காணி. மூணுமே என்ர சொந்தக் காரணம்தான். ஆனா ஒவ்வொன்றையும் கொஞ்சம் தோண்டிப் பார்த்தா அடியில் ஒரு வரலாறு கிடக்கு. அதைத் தேடிப்போன இடத்தில்தான் ஒன்று பிடிபட்டது: நாம "நம்மட பாரம்பரியம்" என்று சொல்கிற பால்மாத் தேத்தண்ணி, இன்றைக்கு இருக்கிற மாதிரி வீட்டுக்கு வீடு வந்தது என் வாப்பா பிறந்ததுக்குப் பிறகுதான்.

பட்டியும் சட்டியும்

கிழக்குக் கரைக்கு மாடு புதுசில்ல. வயல் விதைக்கிற காலத்தில் பட்டிகளை மேற்கே காட்டோரத்து மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போவாங்க. அறுவடை முடிஞ்சா அரிதாள் மேய வயலுக்கு இறக்குவாங்க. மாட்டுக்குத் தீன், வயலுக்கு எரு. முஸ்லிம், தமிழ் என்று ரெண்டு பக்கத்திலயும் பட்டிக்காரர் இருந்தாங்க.

பால் இருந்தது. ஆனா பாலைப் பாலாகவே குடிக்கிறது குறைவு. வெக்கையான கரை, ஐஸ்பெட்டி இல்லாத காலம், காலையில் கறந்த பால் பின்னேரம் வரை தாங்காது. அதனால் உறை ஊத்தித் தயிராக்கினாங்க, கடைஞ்சு மோராக்கினாங்க, உருக்கி நெய்யாக்கினாங்க. மண் சட்டியில் வருகிற எருமைத் தயிர்தான் இந்தப் பக்கத்துப் பாலின் உண்மையான உருவம்.

இன்னொரு சாட்சி நம்ம குசினியில் இருக்கு. சமைக்கிறப்போ உம்மா "முதற்பால் எடு, ரெண்டாம்பால் எடு" என்றால் அது எந்தப் பால்? தேங்காய்ப்பால். பால் சொதி, பால் கறி எல்லாம் தேங்காய்ப்பால். நோன்புக் கஞ்சியில் போகிறது தேங்காய்ப்பால். பெருநாளைக்கு வட்டிலப்பம் அவிக்கிறதும் தேங்காய்ப்பாலில்தான். நம்ம சமூகத்தின் ஆகப் பெரிய விருந்துப் பண்டத்துக்கு மாட்டுப்பால் ஒரு சொட்டுக்கூடத் தேவையில்ல.

தேத்தண்ணியும் நமக்குப் பிந்தித்தான் வந்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை நட்டது 1867. அது பிரித்தானியச் சந்தைக்காக நட்டது, நமக்காக நட்டதில்ல. தேயிலை கரைக்கு வந்து சேர்ந்தபோது கூடவே வந்தது டின் பால். பாலைச் சுண்டக்காய்ச்சிச் சீனி போட்டு டின்னில் அடைத்தால் வெக்கையிலும் கெடாது. சுவிட்சர்லாந்தில் 1866-ல் இதற்கென்றே ஒரு கம்பனி தொடங்கினாங்க. 1905-ல் அது நெஸ்லேயோடு சேர்ந்தது. அடுத்த வருசமே, 1906-ல், நெஸ்லே இலங்கையில் வியாபாரம் தொடங்கிவிட்டது.

டின் பால் தேத்தண்ணியோடு நிற்கல்ல, பிள்ளைகளின் வாய்க்கும் போனது. சிசிலி வில்லியம்ஸ் என்ற வைத்தியர் 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் பேசினார். பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பு "பாலும் கொலையும்". தாய்ப்பாலை நிறுத்திவிட்டு இனிப்பு டின் பாலைக் கரைத்துக் கொடுத்ததால் செத்துப்போன குழந்தைகளைப் பற்றித்தான் அந்தப் பேச்சு. அவர் பேசியது மலாயாவைப் பற்றி. ஆனா அதே டின் நம்ம கடைகளிலும் இருந்தது.

ரெண்டு நாடு, ரெண்டு முடிவு

இனி பால்மாவுக்கு வருவம். இதை விளங்கிக்கொள்ள முதலில் நியூசிலாந்துக்குப் போகணும்.

அந்த நாட்டில் மாடு என்ற பிராணியே கிடையாது. 1814-ல்தான் மிசனரிகள் கப்பலில் கொண்டுபோய் இறக்கினாங்க. 1882-ல் குளிரூட்டிய கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு நியூசிலாந்து, பிரித்தானியாவின் பால் பண்ணை மாதிரி ஆகிவிட்டது. வெண்ணெய், சீஸ் எல்லாம் அங்கேதான் போனது. 1973-ல் பிரித்தானியா ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. நூறு வருசத்து வாடிக்கையாளர் பக்கத்து வீட்டில் வாங்கத் தொடங்கினால் கடைக்காரன் என்ன செய்வான்? வேற தெரு பார்ப்பான். நியூசிலாந்து ஆசியாவையும் மத்திய கிழக்கையும் பார்த்தது. ஐஸ்பெட்டி இல்லாத வீடுகளுக்கு விற்க ஏற்ற சாமான் பால்மா.

இங்கே 1970-க்கும் 77-க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு. பாணுக்கும் வரிசை, துணிக்கும் பங்கீடு. 1977 ஜூலையில் ஜே.ஆர். ஜயவர்தன ஆட்சிக்கு வந்தார். அந்த வருசக் கடைசியிலேயே பொருளாதாரம் திறக்கப்பட்டது. இறக்குமதிச் சாமான் கடைகளில் குவிந்தது, பால்மாவும் அதோடு வந்தது. சந்தை தேடிக்கொண்டிருந்த ஒரு நாடும், கதவைத் திறந்த ஒரு நாடும் சந்தித்த இடம்தான் நம்ம தேத்தண்ணிக் கோப்பை.

மருதமுனைக்காரருக்கு 1977 என்றால் இன்னொரு ஞாபகமும் இருக்கு. நம்ம ஊர் கைத்தறி ஊர். கட்டுப்பாட்டுக் காலத்தில் வெளித்துணி வராததால் உள்ளூர்த் தறிக்கு நல்ல கிராக்கி. கதவு திறந்ததும் வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து இறங்கியது. நாடெங்கும் கைத்தறி சரிந்தது. தறிச் சத்தம் குறைந்த அதே வருசங்களில்தான் பால்மா பெக்கட் வீட்டுக்குள் வந்தது. ஒரே கதவுதான். அதால் நம்ம உழைப்பு வெளியே போனது, மற்றவங்கட உழைப்பு உள்ளே வந்தது. தறியைப் பற்றி ஊரில் இன்றைக்கும் பேசுறாங்க. பாலைப் பற்றி யாரும் பேசுறதில்ல, ஏனென்றால் அது ருசியாக வந்தது.

அடுத்த வருசம், 1978 நவம்பர் 23, கிழக்கைச் சூறாவளி அடித்தது. தென்னை சரிந்தது, கால்நடை அழிந்தது. மாட்டுப்பால், தேங்காய்ப்பால் ரெண்டுக்கும் ஒரே ராவில் அடி. கடைத் தட்டில் இருந்த பெக்கட்டுக்கு மட்டும் புயல் அடிக்கல்ல.

1982-ல் ரூபவாஹினி வந்தது. பிறகு விளம்பரம். பால் குடிக்கிற பிள்ளை உயருகிறது, ஓடுகிறது, பரீட்சையில் முதலாவதாக வருகிறது. ஓஎல் எடுக்கிற பிள்ளைக்கு ராவைக்கு ஒரு கிளாஸ் பால் கரைத்துக் கொடுக்கிறது உம்மாமாரின் கடமையாகிப் போனது இப்படித்தான். அந்தக் கிளாஸில் இருந்த அன்பு பொய்யில்ல. ஆனா அன்பை எதில் ஊத்திக் கொடுக்கணும் என்று சொல்லித் தந்தது விளம்பரம்.

ஒரு விசயத்தில் இந்த நாடு நன்றாக எதிர்த்து நின்றது, அதையும் சொல்லணும். குழந்தைப் பால்மா விற்பனைக்கு எதிராக 1974-ல் பிரித்தானியாவில் வெளிவந்த அறிக்கை ஒன்று, 1977-ல் நெஸ்லே பகிஷ்கரிப்பு, பிறகு 1981-ல் உலக சுகாதாரப் பேரவையின் சர்வதேசக் கோவை. அதற்கு ஆதரவாக 118 வாக்கு, எதிராக அமெரிக்காவின் ஒரே ஒரு வாக்கு. 1983-லேயே இலங்கை தனக்கென்று ஒரு தாய்ப்பால் கோவையைக் கொண்டுவந்தது. 2016-ல் எடுத்த தேசிய ஆய்வில், ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைகளில் 82 சதவீதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தது. சட்டமும், வீடு வீடாகப் போன மிட்வைஃப்மாரும் சேர்ந்து செய்த வேலை இது. பழக்கத்தை மாற்றலாம் என்பதற்கு இதைவிட ஆதாரம் எனக்குத் தேவையில்ல.

காசு

2021 ஒக்டோபரில் பால்மாவுக்கான விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அப்ப 380 ரூபாவாக இருந்த 400 கிராம் பெக்கட் 480 ஆனது. வருசக் கடைசியில் 540. 2022 மார்ச்சில் 790. ஆறு மாசத்துக்குள் ரெண்டு மடங்குக்கு மேல். அதுவும் கடையில் இருந்தால்தான். டொலர் இல்லை, கப்பல் இல்லை, வரிசை மட்டும் இருந்தது. தேத்தண்ணிக் கடைகளில் பால் தேத்தண்ணி 100 ரூபா என்று அறிவிச்சாங்க. ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே சொல்லிவிட்டது.

எங்கட வீட்டில் ஆறு பேர், மாசத்துக்கு எட்டு பெக்கட். 790 படி கணக்குப் போட்டா 6,320 ரூபா. உம்மா கணக்குப் போடல்ல, நேரே நிப்பாட்டினா. "எல்லாருக்கும் வெறுந் தேத்தண்ணிதான், சின்னவளுக்கு மட்டும் பால்." அவ்வளவுதான் தீர்மானம்.

நம்ம நாட்டின் பால் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதியில்தான் ஓடுது. டொலர் நின்றால் கோப்பையும் நிற்கும் என்பது 2022-ல்தான் நமக்கு உறைத்தது. ஆனா அது 1977-லிருந்தே அப்படித்தான் இருந்தது.

வயிறு

பால்மா நின்ற அந்த மாசங்களில் எனக்கு ஒன்று தெரிய வந்தது. ராவையில் வயிறு ஊதுவதும், காலையில் வயிற்றோட்டம் மாதிரி வருவதும் நின்றுபோனது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இருந்த தொந்தரவு, "சோதனைப் பயம்" என்று வீட்டில் பேர் வைத்திருந்தாங்க. ஒரு வைத்தியரிடம் கேட்டேன். பாலில் இருக்கிற லக்டோஸ் என்ற சீனியை உடைக்கக் குடலில் லக்டேஸ் என்று ஒரு நொதியம் வேணும், குழந்தையில் எல்லாருக்கும் அது நிறைய இருக்கும், வளர வளரப் பெரும்பாலானோருக்குக் குறைந்துவிடும் என்று சொன்னார்.

பெரும்பாலானோருக்கு என்ற சொல்லைக் கவனியுங்க. உலகத்தில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ரெண்டு பங்கு பேருக்கு இப்படித்தான். பெரியாளாகியும் லக்டேஸ் குறையாமல் இருப்பது, ஆயிரக்கணக்கான வருசம் மாட்டுப்பாலைக் குடித்து வாழ்ந்த வட ஐரோப்பியர் மாதிரியான மக்களில் பரவிய ஒரு மரபணு மாற்றம். தென்னாசியாவிலும் வடமேற்கில் அது கூட, தெற்குக்கும் கிழக்குக்கும் வர வரக் குறைவு.

இதை வைத்தியர்கள் கண்டுபிடித்த கதைதான் எனக்கு ஆகப் பிடித்தது. ரெண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவில் மிஞ்சிய பால்மா, யுனிசெப் மாதிரியான அமைப்புகள் ஊடாக ஏழை நாடுகளுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. பால் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று யாரும் சந்தேகப்படல்ல. 1966-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் தியடோர் பேலெஸ், நோர்டன் ரோசன்ஸ்வைக் என்ற ரெண்டு வைத்தியர்கள், அங்குள்ள கறுப்பின மக்களில் பெரும்பாலானோருக்கு லக்டேஸ் குறைவு, வெள்ளையரில் சிறு பகுதிக்குத்தான் குறைவு என்று எழுதினாங்க. பிறகு ஆசியா, ஆபிரிக்கா என்று பார்க்கப் பார்க்க, எது வழமை, எது விலக்கு என்ற கணக்கே தலைகீழானது. அதுவரை மருத்துவப் புத்தகத்துக்கு வழமையான வயிறு என்றால் அது ஐரோப்பிய வயிறு. நம்ம வயிறுதான் "குறைபாடு".

இங்கே ஒரு அளவுக் கணக்கும் சொல்லணும், பயங்காட்டக் கூடாது. லக்டேஸ் குறைந்தவர்களிலும் பலருக்கு ஒரு கோப்பைப் பால் தேத்தண்ணியால் ஒன்றும் ஆகாது. சிக்கல் அளவில்தான். பால்மாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் லக்டோஸ். நாள் முழுக்கத் தேத்தண்ணி, ராவைக்குப் பெரிய கிளாஸ் என்று கூடினால்தான் என்னைப் போன்ற வயிறு முறையிடும். தயிரில் கிருமிகள் அந்தச் சீனியில் ஒரு பங்கைப் புளிப்பாக்கிவிடும். நெய்யில் அது கிட்டத்தட்ட இல்லை. பட்டிக்காரர் உறை ஊத்தியது கெடாமல் இருக்கத்தான். ஆனா அந்தக் கைப்பழக்கம் நம்ம வயிற்றுக்கும் சரியாகப் பொருந்தி வந்திருக்கு.

இதைச் சொன்னா சிலபேர் உடனே "ஓம் ஓம், பால்மாவில் என்னவோ கலக்குறாங்களாம்" என்று தொடங்குவாங்க. 2008-ல் சீனப் பாலில் மெலமைன் கலந்து குழந்தைகள் செத்தது உண்மை. 2013-ல் நியூசிலாந்துப் பால்மாவில் டிசிடி என்ற இரசாயனம் பற்றி இங்கே பெரிய பிரச்சினை எழுந்து, சில பெக்கட்டுகள் திரும்பப் பெறப்பட்டதும் உண்மை. மாட்டு மூத்திரத்திலும் பசளையிலும் இருந்து நைத்திரேற்று ஆற்றுக்குள் போகாமல் தடுக்க அங்கே புல்தரைக்குப் போட்ட மருந்து அது. அந்தச் சிறு அளவால் உடம்புக்கு ஆபத்தில்லை என்று நியூசிலாந்து அதிகாரிகள் சொன்னாங்க. 2019 பெப்ரவரியில் ஒரு பிரதி அமைச்சர் பாராளுமன்றத்தில் பன்றிக் கொழுப்பு என்று குற்றஞ்சாட்ட, நம்ம ஊர்களில் அது பற்றி எரிந்தது. கம்பனிகள் மறுத்தன. என் காரணம் இந்தப் பயம் எதுவும் இல்லை. பயத்தில் விட்டவன், அடுத்த விளம்பரம் வந்ததும் திரும்பிப் போவான்.

காணி

பால்மாவைக் குறைக்கிறது சரி, நம்ம மாட்டுப்பாலை எடுக்கலாமே என்று கேட்பீங்க. நானும் கேட்டேன். மாடு மேய எங்கே இடம்?

1949-ல் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவானது. நம்ம ஆட்கள் பட்டிப்பளை என்று சொல்கிற ஆறு அது. இங்கினியாகலையில் அணை கட்டி, சேனாநாயக்க சமுத்திரம் நிறைந்து, காடாகக் கிடந்த நிலம் வயலும் கரும்பும் குடியேற்றமும் ஆனது. நெல் கூடியது. அரசியல் கணக்கும் மாறியது, அது பெரிய கதை. மாட்டின் பக்கம் இருந்து பார்த்தால் ஒன்றுதான் நடந்தது: மேற்கே போகிற வழி சுருங்கியது. பிறகு முப்பது வருச யுத்தம். காட்டுப் பக்கம் போகவே பயந்த காலத்தில் பட்டியை எப்படிப் பார்ப்பது? ரெண்டு சமூகத்திலும் மாடு போனது, மாட்டோடு போன மனிசரும் இருக்காங்க.

யுத்தம் முடிந்தும் மேய்ச்சல் தரைக்கு அமைதி வரல்ல. மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள், வெளியிலிருந்து வந்தவர்கள் தங்கட மேய்ச்சல் தரையில் பயிர் செய்வதையும் மாடுகள் கொல்லப்படுவதையும் எதிர்த்து, 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தெருவோரம் குந்தினாங்க. மாசக்கணக்காகக் குந்தினாங்க. அவங்கட பால் நம்ம கோப்பைக்கு வராததுக்குக் காரணம் நியூசிலாந்து மட்டும் இல்ல.

அதனால்தான் நான் பாலை முழுசா விடல்ல. தயிருக்குக் கொடுக்கிற காசு ஒரு பட்டிக்காரர் வீட்டுக்குப் போகும். நான் குறைத்தது, கப்பலில் வருகிற பங்கை.

குறைக்கிறதும் இல்லாமப் போறதும்

கடைசியாக ஒன்று. நான் குறைச்சது என் விருப்பம். 2022-ல் எங்கட வீடு குறைச்சது விருப்பம் இல்ல. இந்த ரெண்டையும் ஒன்றாகப் பேசினால் அது அநியாயம். இன்றைக்கும் நம்ம ஊரில் பால்மா வாங்க முடியாமல் வெறுந் தேத்தண்ணியோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கு. அந்தப் பிள்ளையிடம் போய் லக்டோஸ் கதை சொல்ல எனக்கு வாய் வராது. பாலுக்குப் பதில் என்ன கிடைக்குது என்பதுதான் அங்கே கேள்வி. முருங்கைக் கீரை, முள்ளோடு தின்கிற நெத்தலி, குரக்கன், எள்ளு எல்லாத்திலும் கல்சியம் இருக்கு. 100 கிராம் குரக்கன் மாவில் இருக்கிற கல்சியம், அதே அளவு பாலில் இருப்பதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல். ஆனா கீரையும் மீனும் கூட இப்ப சும்மா கிடைக்கிறதில்ல. கர்ப்பிணித் தாய்மாரும் சின்னப் பிள்ளைகளும் கட்டுரை வாசித்துப் பாலைக் குறைக்க வேணாம், மிட்வைஃபிடம் கேளுங்க.

மற்றவங்க, முக்கியமா நம்ம வயசுக்காரர், ஒன்றைச் செய்யலாம். விருந்தாளிக்குக் கோப்பை நீட்ட முந்தி "பாலா, வெறுந் தேத்தண்ணியா?" என்று கேளுங்க. கேட்கிறதில் மரியாதை குறையாது. பால்மா வாங்க முடியாத வீட்டுக்காரருக்கு அந்தக் கேள்வி வழமையாகிவிட்டால், வெறுந் தேத்தண்ணி ஊத்திக் கொடுக்கிறப்போ அவர் தலை குனிய வேண்டியும் இருக்காது. 2022-க்குப் பிறகு எங்கட தெருவில் ரெண்டு மூணு வீட்டில் இப்படிக் கேட்கத் தொடங்கியிருக்காங்க. எங்கட வீட்டில் சின்னவள்தான் கேட்பாள். அவளுக்கு இன்னும் பால்தான்.